தோலில் ஒட்டும் கருவி: கணக்கு யார் கையில்?

யந்திரம் என்றால் இரும்பும் சக்கரமும்தான் என்ற காலம் போய்விட்டது. பிளாஸ்திரி போல் தோலில் ஒட்டிக்கொண்டு, உடம்பு வளைந்தால் வளைந்து, இழுத்தால் நீண்டு, நாடித் துடிப்பையும் உடற்சூட்டையும் வியர்வையையும் அளந்து சொல்லும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன.

சிலிக்கன் கண்ணாடி போல் நொறுங்கும் பொருள். ஆனால் தலைமயிரைவிட மெல்லிய ஏடாகச் சீவினால் அது வளையும். ரப்பர் மேல் அலை அலையாகப் பதித்தால் நீளவும் செய்யும். 2011ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையின் ஜான் ரோஜர்ஸ் குழுவினர், தோலோடு தோலாக ஒட்டும் இத்தகைய கருவியைச் செய்து காட்டினர். நம் நாட்டிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் 2014ல் வளையும் மின்னணுக் கருவிகளுக்கென்றே தேசிய மையம் ஏற்பட்டது.

மனித மூளையின் மகத்தான சாதனை இது. சந்தேகமில்லை. ஆனால் இது யாருக்குப் பயன்படப் போகிறது?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நடவுக்கு வயலில் குனிந்து நிற்கும் பெண்களைப் பாருங்கள். நெல்லை வீதிகளில் உச்சிவெயிலில் குப்பை அள்ளும் துப்புரவுத் தொழிலாளர்களைப் பாருங்கள். வெயில் இவர்களை எப்படி வாட்டுகிறது என்பதற்கு விஞ்ஞானச் சான்று உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்து 2024ல் முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு! அதே ஆண்டில் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நாடி எகிறுகிறது, சூடு ஏறுகிறது, நிழலுக்குப் போ என்று உரிய நேரத்தில் எச்சரிக்கும் கருவி உயிர் காக்கும் கருவி. அதை வரவேற்க வேண்டியவர்கள் தொழிலாளர்களே.

ஆனால் நாகபுரியிலும் சண்டிகரிலும் நடந்தது என்ன? துப்புரவுத் தொழிலாளர்கள் மணிக்கட்டில் இருக்குமிடம் காட்டும் கடிகாரங்களைக் கட்டினார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்பதெல்லாம் அதிகாரிகளின் திரையில் தெரிந்தது. கூலிப் பிடித்தத்துக்கும் அதுவே சாட்சியாயிற்று. இது வேலைக் கருவியல்ல, விலங்கு என்று 2020ல் சண்டிகர் தொழிலாளர்கள் போராடினார்கள். கடிகாரம் ஆள் நின்ற இடத்தைக் காட்டிற்று. தோலில் ஒட்டுவதோ நாடியையே காட்டும். "இவன் நாடி தளர்ந்துவிட்டது, நாளை முதல் வேண்டாம்" என்று நிர்வாகம் முடிவு செய்ய எவ்வளவு நேரமாகும்?

சட்டம் காக்கும் என்று நம்பலாமா? 2023ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தின் 7வது பிரிவைப் படியுங்கள். வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும், தொழிலாளியின் சம்மதம் கேளாமலே அவருடைய விவரங்களைக் கையாளலாம் என்கிறது அது. பாதுகாப்பு யாருக்கு என்பது விளங்குகிறதல்லவா?

அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. 1940களில் தஞ்சைப் பண்ணையாட்கள் கள்ள மரக்காலை எதிர்த்து முத்திரை மரக்கால் கேட்டுப் போராடினார்கள். அவர்கள் மரக்காலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்மையான மரக்காலைக் கேட்டார்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கும் இது தெரியும். எத்தனை பீடி தேறியது, எத்தனை கழிவு என்று சொல்பவன் கையில்தான் கூலி இருக்கிறது.

எனவே கருவியே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. நிபந்தனையோடு வரட்டும் என்கிறோம். கருவி சொல்லும் கணக்கு முதலில் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். நிர்வாகத்துக்கு வேலைத்தலத்தின் வெப்ப நிலவரம் போதும். ஆள்வாரியாக நாடிக் கணக்கு கூடாது. அதைக் காட்டிக் கூலி பிடிப்பதோ வேலை நீக்குவதோ கூடாது. எச்சரிக்கை வந்தால் கூலியோடு ஓய்வு தர வேண்டும். கருவியின் செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது. நிழலும் குடிதண்ணீரும் தராமல் பிளாஸ்திரியை மட்டும் ஒட்டுவது ஏமாற்று.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கருவி வந்திறங்கிய பிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில், கோரிக்கைப் பட்டியலில், இந்த நிபந்தனைகளை இப்போதே எழுதிச் சேர்க்க வேண்டும். உடம்பு தொழிலாளியுடையது, அதன் கணக்கும் தொழிலாளியுடையதே!