பாறை இன்னும் நகரவில்லை!

ஆலங்குளத்துத் தோழர் ஒருவர். கல் குவாரியிலே கை காய்த்தவர். மே நாளன்று சென்னைக்கு வந்தவரை மெரினாவுக்கு அழைத்துச் சென்று, உழைப்பாளர் சிலையைக் காட்டினோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மாலை போட்டவர்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அண்ணாச்சி, நாலு பேரும் இந்தத் தள்ளு தள்ளுதாங்க. பாறை நகந்த மாதிரித் தெரியலியே?"

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் சுட்டது!

ஆம், தோழர்களே! நகரவில்லைதான். 'உழைப்பின் வெற்றி' என்பது அந்தச் சிலைக்கு இட்ட பெயரின் பொருள். பெயரிலே வெற்றி இருக்கிறது. வெண்கலத்திலே எங்கே வெற்றி? வாகை மாலை உண்டா? உயர்த்திய வாள் உண்டா? இல்லை! நாலு மனிதர்கள், நரம்பு புடைக்க, முதுகு வளைய, ஒரு பாறையோடு மல்லுக்கட்டி நிற்கிறார்கள்.

வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்துக் கலைஞர், 1929 முதல் 1957 வரை சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வர். அவர் விரும்பியிருந்தால் பாறையை உச்சியிலே ஏற்றி, அதன்மேல் ஒருவனைக் கொடியோடு நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. உழைப்பவனுக்கு வெற்றி என்பது பெற்றுப் பெட்டியிலே பூட்டிய பொருள் அல்ல. கையை எடுத்தால் உருண்டு வந்து காலை நசுக்கும் பாறை. அந்தச் சிலை சொல்லாமல் சொல்லும் சேதி அதுதான்!

சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 25. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பு, 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். அதற்கும் முன்னே, 1886-இலே, சிகாகோ நகரத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுக் குருதி சிந்தினர். எட்டு மணி நேரம் – அதுதான் பாறை!

நகர்த்திவிட்டோம் என்றே நம்பினோம். 2023-இலே நடந்தது என்ன? சிங்காரவேலர் கொண்டாடிய மே நாளுக்கு நூறாவது ஆண்டு. ஆட்சியோ நம் ஆட்சி. ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்திலே நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் கொதித்தன. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மே முதல் நாள், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது பெருமைதான்; மறுக்கவில்லை. ஆனால், கொண்டு வந்தது யார்? மாற்றான் அல்லவே! அந்தப் பத்து நாளும் பாறை நம் பக்கமிருந்தே உருண்டது. இதை நாம் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும்!

இன்னொன்றும் உண்டு. சிலையிலே இருக்கும் நால்வரும் ஆண்கள். ஆலங்குளத்துத் தெருக்களிலே நடந்து பாருங்கள். சுளகை மடியிலே வைத்து, இலை நறுக்கி, தூள் நிரப்பி, நூல் சுற்றும் தாய்மார்கள் எத்தனை பேர்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நேரக் கணக்கே இல்லாதவளுக்கு எட்டு மணி நேரம் ஏது? 1966-இலே பீடித் தொழிலாளர்க்கெனச் சட்டம் வந்தது. 1976-இலே அவர்கள் நலநிதிக்கெனத் தீர்வை வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பணம் உதவிற்று. 2017-இலே சரக்கு சேவை வரி வந்தது, தீர்வை போயிற்று! நகர்த்திய பாறை ஓசையின்றித் திரும்பி வந்த கதை இது.

ஆகவே தோழர்களே, மாலை போட்டதும் கடமை முடிந்தது என்று வீடு திரும்பாதீர்கள்! வருகிற மே நாளிலே, ஆலங்குளம் கிளைத் தோழர்கள் கொடியேற்றிய கையோடு தெருத்தெருவாகச் செல்லட்டும். எந்தத் தாய்க்கு அடையாள அட்டை இல்லை, எவருக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கவில்லை, எங்கே 'கழிவு' என்று சொல்லிச் சுற்றிய பீடிக்குக் கூலி மறுக்கிறார்கள் – எழுதி வரட்டும். அந்தப் பட்டியலை ஆள்வோர் மேசையிலே வைக்கட்டும். ஆள்வோர் எவராயினும் – நம்மவரே ஆயினும்!

சிலையிலே நால்வர்தான். ஐந்தாவது தோளுக்கு இடம் காலியாக இருக்கிறது. குவாரித் தோழர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதில் நம் தோளிலே இருக்கிறது!