ஒலியடக்கியும் ஒழியாத புகையும்

துப்பாக்கியின் ஓசையைக் குறைப்பது ஒரு சுகாதார நடவடிக்கை என்று அமெரிக்கத் துப்பாக்கி வணிகர்கள் பல ஆண்டுகளாக முழங்கி வருகின்றனர். 2015 ஆம் ஆண்டிலும் பின்னர் 2017 ஆம் ஆண்டிலும் அந்நாட்டுக் காங்கிரசில் முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தின் பெயரே 'செவிப்புலன் பாதுகாப்புச் சட்டம்' என்பதாகும். அப்போது அது நிறைவேறவில்லை. ஆயினும் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒலியடக்கி ஒவ்வொன்றுக்கும் விதிக்கப்பட்டு வந்த 200 டொலர் வரி, 2025 ஜூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டத்தின் வாயிலாக 2026 ஜனவரி 1 முதல் பூச்சியமாக்கப்பட்டது. பதிவு செய்யும் கடப்பாடு மட்டுமே எஞ்சியது.

செவியைக் காப்பதற்கு எவரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. எனது கேள்வி வேறு. செவியைக் காப்பதாகக் கூறி விற்கப்படும் இக்கருவி, அதே மனிதரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் எதை அனுப்பி வைக்கிறது? அதனை அளந்து சொல்வதற்கு விற்பனையாளர்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றனர்?

விடயம் தெரியாதோருக்காகச் சற்று விளக்க வேண்டியுள்ளது. 1950களில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர் வகை ரைபிளை எடுத்துக்கொள்வோம். ரவை வெடித்ததும் எழும் வாயு சன்னத்தைக் குழலினூடாகத் தள்ளுகிறது. அவ்வாயுவின் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியாகப் பிரிந்து, மெல்லிய குழாயொன்றினூடே பின்னோக்கி வந்து, அடைப்பானைத் திறந்து, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவை ஏறுவதற்கு வழிசெய்கிறது. குழல்வாய் திறந்திருக்கும், வாயு உடனே வெளியேறிவிடும் என்ற கணக்கிலேயே இந்த இயக்கம் முழுவதும் அமைக்கப்பட்டது.

அந்தக் குழல்வாயில் ஒலியடக்கியைப் பொருத்தினால் கணக்குப் பிழைத்துவிடுகிறது. ஒலியடக்கி என்பது தடுப்புகள் கொண்ட ஓர் உருளை. வாயுவைத் தன்னுள்ளே மறித்து, மெதுவாக வெளியே விடுவதனாலேயே ஓசை குறைகிறது. மறிக்கப்பட்ட வாயு முன்னே செல்ல இயலாமல் வந்த வழியே திரும்புகிறது. அழுத்தம் தணியுமுன்னரே அடைப்பான் வழமையை விட வேகமாகத் திறந்துவிடுகிறது. கோது வெளியேறும் துவாரத்தினூடாகவும் பின்புறக் கைப்பிடியின் இடைவெளியினூடாகவும் சூடான வாயுவும் கரியும் சுடுபவரின் முகத்தில் நேரே அடிக்கின்றன. இடக்கைப் பழக்கமுள்ளவரின் நிலை இன்னும் மோசம். அவருடைய முகம் அத்துவாரத்தின் பக்கமாகவே இருக்கிறது.

அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு, அமோனியா உண்டு, சிறிதளவு ஐதரசன் சயனைட்டும் உண்டு. ரவையின் எரியூட்டியில் ஈயச் சேர்மம் பயன்படுத்தப்படுவதால் ஈயத் துகள்களும், சன்னத்தின் உறையிலிருந்து செம்பும் கலந்து வருகின்றன. ஈயத்தை நீக்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோருக்கு நோர்வே இராணுவத்தின் அனுபவம் ஒரு பாடம். 2000களின் பிற்பகுதியில் ஈயமற்ற ரவைகளுக்கு மாறிய அந்த இராணுவத்தில், எச்கே416 ரைபிளால் சுட்ட வீரர்கள் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் தலைவலியும் கண்டு முறையிட்டனர். புகையிலிருந்த செம்பும் நாகமுமே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஒட்டுவேலைத் தொழிலாளருக்கு வரும் உலோகப் புகைக் காய்ச்சலை ஒத்த நோய் அது. அங்கே குற்றம் ரவையினுடையது, ஒலியடக்கியினுடையதன்று. ஆனால் அத்தகைய புகையை முகத்துக்கு நேரே திருப்பிவிடும் கருவியைச் சுகாதார சாதனம் என்று எப்படி அழைப்பது?

தீர்வே இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது. திரும்பிவரும் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு வால்வுகள் உண்டு. அடைப்பான் திறப்பதைத் தாமதப்படுத்தும் பாரமான தாங்கிகளும் வலுவான சுருள்வில்களும் உண்டு. இடைவெளியை மூடிய கைப்பிடிகள் உண்டு. எனினும் வால்வு, சிறு குழாய் வழியே வரும் வாயுவைத்தான் குறைக்கும். பிரதான குழலின் வழியே திரும்புவதை அதனால் தடுக்க இயலாது. கைப்பிடியை அடைத்தால் புகை மறைந்துவிடுவதில்லை, பக்கத்துத் துவாரத்தால் வெளியேறுகிறது. இவையெல்லாம் நோயை விட்டு அறிகுறிக்குச் செய்யும் சிகிச்சைகள்.

மூலகாரணத்தைத் தொடும் வழி, வாயுவை மறிக்காமல் முன்னோக்கியே சுழற்றி வெளியேற்றும் ஒலியடக்கிகள் ஆகும். அவை ஏற்கனவே சந்தையில் உள்ளன. ஆனால் அவற்றின் ஒலித்தணிப்பு பொதுவாகச் சற்றுக் குறைவு. இங்கேதான் வணிகத்தின் சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது டெசிபெல் எண். சுடுபவரின் மூக்கருகே வந்துசேரும் வாயுவின் அளவோ அரிதாகவே அச்சாகிறது. அளக்கப்படும் எண்ணை நோக்கியே பொருள் செய்யப்படுகிறது. அளக்கப்படாதது வாங்கியவரின் நெஞ்சுக்குள் போகிறது.

இராணுவம் இதனை அறியும். அமெரிக்க மரைன் படை 2020 ஆம் ஆண்டின் இறுதியில் தனது முன்னணிப் போர்ப் பிரிவுகளுக்கு ஒலியடக்கிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை தனது புதிய 6.8 மில்லிமீற்றர் ரைபிளுக்கான ஒப்பந்தத்தை சிக் சவர் கம்பனிக்கு வழங்கியபோது ஒலியடக்கியும் அதன் அங்கமாயிற்று. நச்சு வாயு பின்னோக்கி வருவதைக் குறைக்கும் வடிவமைப்பு என்பதே அந்த ஒலியடக்கியின் சிறப்பாகக் கூறப்பட்டது. அப்படியாயின் ஏனைய ஒலியடக்கிகளால் நச்சு வாயு வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. செவி விடயத்தில் அந்நாடு பட்ட பாடும் நினைவிருக்க வேண்டும். குறைபாடுள்ள காதடைப்பான்கள் தொடர்பாக இலட்சக்கணக்கான முன்னாள் படையினர் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க, 3எம் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டொலர் வழங்க உடன்பட்டது. நுரையீரலுக்கும் அவ்வாறு காலங்கடந்துதான் கணக்குப் பார்க்க வேண்டுமா?

பின்லாந்திலும் நோர்வேயிலும் வேட்டைக்காரர்கள் ஒலியடக்கியை இயல்பாகப் பயன்படுத்துகின்றனரே என்பது வணிகர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நியாயம். உண்மைதான். ஆனால் அந்த வேட்டைக்காரர் பெரும்பாலும் கையால் அடைப்பானை இழுத்துச் சுடும் ரைபிளை ஏந்துகிறார். அவர் அதனைத் திறக்கும் வேளையில் அழுத்தம் தணிந்துவிட்டிருக்கும். ஒரு நாளில் அவர் சுடுவதும் ஓரிரு ரவைகளே. தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் ரைபிளால் பயிற்சிக் களத்தில் நூற்றுக்கணக்கில் சுடுபவருக்கு அந்த உதாரணம் எவ்வகையிலும் பொருந்தாது.

மறுபுறத்தில், எம்மவரின் பத்திரிகைகளும் திரைப்படங்களும் வளர்த்த மாயையும் களையப்பட வேண்டும். 'சத்தமின்றிச் சுடும் துப்பாக்கி' என்று ஒன்று நடைமுறையில் இல்லை. 160 டெசிபெலைத் தாண்டும் ரைபிள் வெடியோசை ஒலியடக்கியால் 20 முதல் 35 டெசிபெல் வரை குறையும். அதன்பின்னும் அது காதைப் பிளக்கும் ஓசையே. 1909 இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பேர்சி மெக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மெக்சிமின் மகன். அவர் பின்னர் வாகனங்களுக்கான ஒலியடக்கிகளையும் செய்தார். மோட்டார் வண்டியின் 'சைலன்சர்' எவ்வளவு மௌனமானதோ, துப்பாக்கியினுடையதும் அவ்வளவே. ஆகவே அதனைக் கொலையாளியின் மந்திரக்கோலாகச் சித்திரிப்பதும் பிழை. மருந்துக்கடைச் சரக்காக விற்பதும் பிழை. 2019 மே 31 இல் வேர்ஜீனியா பீச் நகரில் 12 பேரைக் கொன்றவனின் கைத்துப்பாக்கியில் ஒலியடக்கி இருந்தது என்பதையும் அந்த விற்பனையாளர்கள் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கத் துப்பாக்கிக்காரனின் கண்ணெரிச்சல் தமிழனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று தசாப்த காலப் போரைப் பார்த்த நாட்டிலிருந்து எழுதுகிறேன். துப்பாக்கிக்கு முன்னால் நின்றோர் பட்ட துயரத்துக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் எந்த நாட்டிலும் துப்பாக்கிக்குப் பின்னால் நிறுத்தப்படுவோர் பெரும்பாலும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே. அவர்களின் உடலுக்குள் தங்கிப்போவதை ஆயுதம் செய்தவர் கணக்கில் எழுதுவதில்லை. அனுப்பி வைத்த அரசும் எழுதுவதில்லை.

ஆகவே கோரிக்கை எளியது. அமெரிக்க வேலைத்தலச் சட்டம், 8 மணி நேரச் சராசரியாகக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 50 மைக்குரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்கிறது. அந்த வரம்பு பயிற்சிக் களத்தில் சம்பளம் பெறும் ஊழியருக்குரியது. பணம் கட்டிச் சுட வருபவருக்கு அதில் பாதுகாப்பில்லை. ஒலியடக்கி ஒவ்வொன்றின் பெட்டியிலும் டெசிபெல் எண்ணுக்கு அருகே, சுடுபவரின் முகத்தருகே வரும் வாயுவின் அளவும் அச்சிடப்படட்டும். பயிற்றுநருக்கும் படைவீரருக்கும் இரத்தத்தில் ஈயம் உள்ளதா என்று ஒழுங்காகச் சோதிக்கப்படட்டும். அதன் பின்னர் இதனைச் சுகாதார சாதனம் என்று அழைக்கலாமா என்பதைப் பேசுவோம்.