குழாய் வந்தாச்சு, மே மாசம் தண்ணீர் வருமா? ஏற்காடு மலைக் கிராமங்களின் குடிநீர்த் திட்டங்களில் என்ன சிக்கல்?

சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் சமவெளியைவிட அதிக மழை, ஊருக்கு நடுவே ஏரி. ஏற்காட்டில் தண்ணீர்க் கஷ்டம் என்றால் சுற்றுலா போய்வந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மலையில் நிற்பதில்லை. அடியில் இருப்பது சார்னோகைட் எனும் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் நீர்தான் ஊற்று, கிணறு எல்லாமே.

அதனால் இங்கே ஒரு திட்டத்தின் தலையெழுத்து, குழாய் பதிக்கும் முன்பே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. ஊற்றை எந்த மாதத்தில் அளந்தார்கள்? நவம்பரில் அளந்து மதிப்பீடு போட்டால், ஆளுக்கு தினமும் 55 லிட்டர் என்ற கணக்கு காகிதத்தில் சரியாகவே வரும். மே மாதத்தில் வராது.

அடுத்த சிக்கல் உயரம். 10 மீட்டர் இறங்கினால் குழாயில் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் கூடும். தொட்டிக்கு 100 மீட்டர் கீழே ஒரு குக்கிராமம் என்றால் 10 பார்! வழியில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு தொட்டி கட்டாவிட்டால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். தொட்டிக்கு மேலே உள்ள வீட்டுக்கோ, காற்றுதான். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று ஊராட்சியின் பெயர் ஒன்றாக இருக்கலாம். உள்ளே மேடும் பள்ளமுமாகச் சிதறிக்கிடக்கும் ஊர்கள் பல. ஊராட்சிக்கு ஒரு டிசைன் என்ற சமவெளிக் கணக்கு இங்கே எடுபடாது.

விதிகள் என்ன சொல்கின்றன?

2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் விதிகள் மோசமில்லை. ஊருக்கான செயல்திட்டத்தை கிராமக் குடிநீர்க் குழுவே போட வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்கள். மலை ஊர்களிலும் பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களிலும் ஊருக்குள்ளான கட்டமைப்புச் செலவில் மக்கள் பங்கு 5 சதவீதம்தான், உழைப்பாகவும் தரலாம். (மத்திய நிதியில் மட்டும் மலைக்குச் சலுகை இல்லை. இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு 90 சதவீதம். தமிழ்நாட்டுக்கு மலையானாலும் 50தான்.)

கோளாறு எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. டேஷ்போர்டில் ஏறுவது இணைப்புகளின் எண்ணிக்கை. ஒப்பந்ததாரரின் பில்லுக்காக அளவுப் புத்தகத்தில் ஏறுவது எத்தனை மீட்டர் குழாய், எவ்வளவு கான்கிரீட். கடைசி வீட்டுக்கு மே மாதம் எத்தனை குடம் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. 2024 என்ற கெடு நெருக்கியபோது முதலில் வெட்டுப்பட்டது மக்களோடு உட்கார்ந்து பேசும் வாரங்கள்தான். அதைச் சுருக்கினால் பில் குறையாதே!

வேறு மாதிரி செய்யமுடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் 'கூடம்' என்ற பெயரில், பதவி வித்தியாசம் பார்க்காமல் பேசும் கூட்டங்களைத் தொடங்கினார்கள். பிறகு ஊர்மக்களோடு உட்கார்ந்தார்கள். புது போர்வெல் போடுவதற்கு முன், இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பது முக்கியமானது. பொறியாளருக்கு அது சின்ன மாற்றம் இல்லை. புதிதாகக் கட்டுவதுதான் வேலை என்று பழகியவர் அவர்.

2025 பட்ஜெட்டில் ஜல் ஜீவன் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. பராமரிப்பில் கவனம் என்றும் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மோட்டார் கரன்ட் பில், வால்வு திறக்கும் ஆபரேட்டரின் சம்பளம் எல்லாம் கடைசியில் ஊராட்சி தலையில்தான் விழும்.

கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22-ம் மே 1-ம் வறண்ட மாதங்களில் வருகின்றன. அன்று ஊற்றில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், கடைசி வீட்டில் எத்தனை குடம் என்று அளந்து தீர்மானத்தில் எழுத, புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.