பீரோவில் வைத்த கிதார்



2025-ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் இரவு, வானவர் கீதம் பாடி முடிந்ததும் எங்கள் பாடகர் குழுவின் கிதார் உறைக்குள் சென்றது. பாஸ்கா இரவில் மறுபடி வானவர் கீதம் எழும்பும் வரை கருவிகள் வாய்மூடியிருப்பது எங்கள் பங்கில் நெடுநாளைய ஒழுக்கம். எங்கள் உபதேசியார் பொறுப்பு மிக்கவர். சிறு பிள்ளைகளின் கை பட்டுவிடக் கூடாதே என்று, கிதாரைத் திருப்பண்ட அறையின் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். அவ்வறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாதமோ சித்திரை. பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கரிசல் நிலம் கால்விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் காலம் அது.

சனிக்கிழமை இரவு பீரோவைத் திறந்தபோது, தந்திகளைத் தாங்கும் குதிரை, அதாவது கடைக்காரர்கள் பிரிட்ஜ் என்று சொல்லும் மரத்துண்டு, மேற்பலகையிலிருந்து அடியோடு பிய்ந்து, ஆறு தந்திகளோடும் தொங்கிக்கொண்டிருந்தது. கிதார் வாசிக்கும் தம்பிக்கு வயது பதினேழு. பகலில் பள்ளி, மாலையில் விசைத்தறிக் கூடத்தில் கைவேலை என்று காலம் தள்ளும் பிள்ளை. அவன் ஒன்றும் பேசவில்லை. அதை மடியில் கிடத்தி, பிய்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அன்றைய வானவர் கீதத்துக்கு மணிகள் ஒலித்தன, ஆர்மோனியம் ஒலித்தது, கிதார் ஒலிக்கவில்லை.

"போனால் போகட்டும், கோவிலுக்கு ஆர்மோனியம் போதாதா?" என்று பெரியவர் ஒருவர் கூறியதும் உண்மை. இத்தகைய பெரியவர் இல்லாத பங்கு எதுவும் உண்டோ? அவரிடம் இரண்டு செய்திகளைப் பணிவோடு சொன்னேன். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனுக்குத் தனி மதிப்பளித்ததோடு, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் திருச்சபை அதிகாரிகளின் இசைவுடன் இடமளித்தது. அதற்கும் வெகு காலம் முன்பே, 1818-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் ஊர்க் கோவிலில், யோசேப்பு மோர் என்னும் குருவானவர் எழுதி, பிரான்ஸ் குரூபர் இசையமைத்த 'சைலண்ட் நைட்' பாடல் முதன்முதலாக ஒலித்தது கிதாரின் துணையோடுதான். பெரியவர் கேட்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் கிதார் நிதிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் 14,200 ரூபாய் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு நூற்பாலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் தந்தது. என் இளைய சகோதரியின் குடும்பம் மும்பையில் இருக்கிறது. மே இறுதியில் அங்கே செல்லவிருந்தேன். "கிதார்ப் பித்தர் நீங்கள்தாமே, நல்லதாக ஒன்று பார்த்து வாருங்கள்" என்று பங்குத் தந்தை பணத்தை என்னிடம் ஒப்படைத்தார். தம்பி மட்டும் தனியே வந்து, "ஐயா, முழுப்பலகையில் செய்ததாகப் பாருங்கள்; ஒட்டுப்பலகை வேண்டாம்" என்று மெல்லச் சொல்லிப் போனான்.

மும்பை கோரேகானில் 'பாம் எக்ஸ்போ' என்றொரு கண்காட்சி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஒலி, ஒளி, இசை ஆகிய மூன்று துறைகளுக்குமான வணிகக் கண்காட்சி அது. விருதுநகரில் இரயிலேறிய நாள் முதல் என் மனக்கண்ணில் கிதார்களே வரிசை வரிசையாக நின்றன. அங்கே சென்று பார்த்தபோதோ, ஆளுயர ஒலிபெருக்கிகளும், வண்ணம் மாறும் விளக்குகளும், விமானத்தின் முன்னறையை ஒத்த ஒலிக்கலவை மேசைகளும் கூடங்களை நிரப்பியிருந்தன. மரக்கருவிகளுக்குக் கிடைத்த இடம் சிறிது. இசையை உண்டாக்குகிறவர்களைவிட, உண்டானதை உரக்கச் சொல்லுகிறவர்களுக்கே இன்று வணிகம் பெரிது போலும்! நம் திருவிழாக்களில் கட்டும் ஒலிபெருக்கிகளை எண்ணிப் பார்த்தால் மும்பையை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

வணிகர்களுக்கான சந்தையில் என்னைப் போன்ற வெறும் ஆர்வலன் பெண் வீட்டாரும் அல்லாத, மாப்பிள்ளை வீட்டாரும் அல்லாத திருமண விருந்தாளி. "எத்தனை பெட்டி?" என்று கேட்பார்கள். ஒன்று என்றால் சிரிப்பார்கள். இது உலக வழக்கம். அமெரிக்காவில் 'நாம்' என்னும் இசைப்பொருள் வணிகர் சங்கம் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடத்தும் பெரும் சந்தையும் அத்துறையினருக்கென்றே அமைந்தது. ஆங்கில எழுத்துகளின் சேர்க்கையாகிய அப்பெயர் நம் காதுக்குத் தமிழாக ஒலிப்பது ஒரு வேடிக்கை. அச்சங்கம் தோன்றிய ஆண்டு 1901. அதே 1901-இல்தான் எங்கள் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஊர்ப்பற்று சொல்ல வைத்தது.

வாங்க வழியில்லையெனினும் பார்க்கத் தடையில்லை. கிதார்கள் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் சுற்றினேன். ஒரு கருவியின் முதுகுப்பலகை நன்கு காய்ந்த பனங்கருப்பட்டியின் நிறத்தில் மின்னியது. என்ன மரமென்று கேட்டேன். "இந்திய ரோஸ்வுட்" என்றார்கள். நம் ஈட்டி மரம்! தோதகத்தி என்றும் சொல்வோமே, மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளர்வது, அதுவே. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கிதார் நிறுவனம், பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதானபின், 1969 முதல் பெரும்பாலும் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள். நம் மலையில் பிறந்த மரம் கடல் கடந்து சென்று, பெயர் மாறி, நம்மால் வாங்கவியலாத விலையோடு திரும்பி வருவதைக் கண்டு சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மார்ட்டின் நிறுவனத்தைப் பற்றி இன்னொரு சொல். அதைத் தொடங்கியவர் 1833-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற குடியேறி. அவர் குடும்பத்தார் மரப்பெட்டி, அலமாரி செய்யும் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தச்சர்கள் கிதார் செய்யக் கூடாது என்று வயலின் செய்வோர் சங்கம் அவர்களோடு வழக்காடியது. அத்தச்சரின் வழிவந்த தொழிற்கூடம் இன்றும் இயங்குவது பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில்! நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தன்று, அமெரிக்க நாசரேத். தச்சரும் நாசரேத்தும் சேர்ந்துவந்ததை இப்பத்திரிகையின் வாசகர்களிடம் சொல்லாமல் வேறு எவரிடம் சொல்வேன்?

நிற்க. ஒவ்வொரு கடையிலும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: "சித்திரை வெயிலில் இரும்புப் பீரோவில் இரண்டு நாள் வைத்தால் இக்கிதார் தாங்குமா?" பலர் புன்னகைத்தனர். ஒருவர், "ஏன் வைக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. கடைசியில், பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவர், கிதார் செய்தொழிலுக்குப் பேர்போன கொல்கத்தாக்காரர், என்னை அமரச் செய்தார். உடைந்த கிதாரின் புகைப்படத்தை அவரிடம் காட்டினேன். பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் கூறியதன் சாரம் இது.

எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோ விசையோடு குதிரையை இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அதைப் பற்றித் தொங்குவதற்கு ஒப்பு. அதை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் பசை ஒன்றே. வெப்பம் ஏறினால் பசை இளகும். இளகினால் கட்டை நழுவும். வறட்சியின் தீமை வேறு வகையானது. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும், இழந்து சுருங்கும். மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கு மேற்படாத மேற்பலகை குறுக்குவாட்டில் சுருங்க முற்படும்போது, விளிம்பும் உட்சட்டங்களும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சுருங்க இடமில்லாத பலகை வெடிக்கிறது. எங்கள் கரிசலும் இதைத்தானே ஆண்டுதோறும் செய்கிறது! காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் நலம் என்பது கிதார் செய்வோரின் பொதுக் கணக்கு. அவ்வாண்டு மும்பையில் பருவமழை மே 26-ஆம் நாளே இறங்கிவிட்டது. அங்கே கருவிகள் ஈரத்தில் ஊதிச் சோம்பி ஒலித்தன.

"முழுப்பலகைக் கிதாரின் குரல் இனிது, ஐயமில்லை. ஆனால் அது குளிர்நாட்டு மரம். ஈரம் காத்துப் பேணும் இடத்தில் வாழும். அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய ஒட்டுப்பலகை எளிதில் வெடிக்காது. உங்கள் படத்தில் இருப்பது ஒட்டுப்பலகை. பலகையில் விரிசல் இல்லை, குதிரைதான் கழன்றிருக்கிறது. இதற்குப் புதிய கிதார் எதற்கு? ஒட்டினால் போதும்" என்றார் அவர். விற்க வந்த இடத்தில், வாங்காதே என்று சொன்னவர் அவர் ஒருவரே.

பிள்ளைகளுக்குக் கிதார் வாங்க எண்ணும் பெற்றோர்க்காக அவர் கற்பித்த சோதனைகளையும் எழுதிவிடுகிறேன். கழுத்தின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வில்லாக வளைந்திருத்தல் ஆகாது. பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மிக உயர்ந்திருந்தால் பிள்ளையின் விரல் நோகும். அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் கிதாரைக் கைவிடும். அதைச் சோம்பல் என்று நாம் ஏசுவோம். குதிரையின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. கோடையில், துளையிட்ட சோப்புப் பெட்டியில் நன்கு பிழிந்த பஞ்சு ஒன்றை வைத்து உறைக்குள் இட்டு மூடினால் பலகை வறளாது.

முந்நூறு ரூபாய்க்குச் சிறிய ஈரமானி ஒன்றை என் கைப்பணத்தில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அதைத் திருப்பண்ட அறையில் மாட்டிய நாள் நண்பகலில் முள் 33-இல் நின்றது. வெறுங்கையோடு நான் இறங்கியதைக் கண்ட தம்பியின் முகத்தை இங்கே விவரிக்க மாட்டேன்.

அருப்புக்கோட்டையில் கைத்தறிகளைச் செப்பனிடும் தச்சர் ஒருவரிடம் கிதாரைக் கொண்டு சென்றோம். அவர் வாழ்நாளில் கிதாரைத் தொட்டதில்லை. முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குதிரையை ஒட்டுவது பெரிதன்று, ஒலித்துளை வழியே கையை விட்டு உள்ளிருந்து இறுக்குவதுதான் வேலை" என்றார். கடையில் கிடைக்கும் இடுக்கி எதுவும் அவ்வளவு தொலைவு எட்டாது. ஆகவே, தறிக்கட்டை மிச்சத்தில் நீண்ட கைகளையுடைய மர இடுக்கிகள் இரண்டை அவரே செய்தார். பழைய பசையை உளிமுனையால் இழை இழையாகச் சுரண்டினார். அதற்கே அரைநாள் ஆயிற்று. புதுப்பசை இட்டு இறுக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் தொடாமல் வைத்தார். கூலி 350 ரூபாய். அந்த வேலை முழுவதையும் தம்பி அருகிலிருந்து பார்த்தான். இரண்டாவது இடுக்கிக்கு அவனே இழைப்புளி பிடித்தான்.

விண்ணேற்புத் திருநாளுக்குக் கிதார் கோவிலில் ஒலித்தது. இப்போது அது பீரோவில் இல்லை; உபதேசியார் வீட்டு உள்ளறையில், வெயில் படாத சுவரில் தொங்குகிறது. தம்பி ஒவ்வோர் இரவும் முறுக்காணிகளைத் தளர்த்திவிட்டுப் போகிறான். ஒரு சுற்று போதும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் இரண்டு சுற்றுத் தளர்த்துகிறான்.

மீதி 13,850 ரூபாய் பங்குத் தந்தையிடம் இருக்கிறது. அதை ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம் என்று சிலர் கருதுகிறார்கள்; நான் கருதவில்லை. தம்பி வாரம் ஒருமுறை வந்து ஈரமானியைப் பார்க்கிறான். ஐப்பசி மழை இறங்கிய வாரம் முள் அறுபதைத் தாண்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இப்போது முழுப்பலகை தாங்கும் அல்லவா?" என்று கேட்டான். "பங்குனி வரட்டும்" என்றேன். "பங்குனிக்குத்தான் சோப்புப் பெட்டி இருக்கிறதே" என்றான்.