கெடு மலையேறுவதில்லை

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலர் கல்லூரிக்காகப் போளூர் வழியே திருவண்ணாமலைக்கோ, மறுபக்கம் திருப்பத்தூருக்கோ இறங்குகிறார்கள். அரசுக் கல்லூரி என்றால் அங்கே பாடம் நடத்துபவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை எடுத்துவிட முன்வந்தது, 2025 ஜனவரி 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட வரைவு நெறிமுறை. துணைவேந்தர் தேடல் குழுவில் மாநில அரசுக்கு இடமில்லை என்றதும் அதே வரைவுதான். சென்னை துணைவேந்தர் விஷயத்தில் கொதித்தது. மூன்றாம் நாளே, ஜனவரி 9 அன்று, சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. போட வேண்டிய தீர்மானம்தான். ஆனால், ஜவ்வாது மலைப் பிள்ளையின் வகுப்பறையை நேராகத் தொடுவது விரிவுரையாளர் பற்றிய அந்தச் சின்ன மாற்றம். அதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

கேட்க நேரம் எங்கே இருந்தது? வரைவு பற்றிக் கருத்துச் சொல்ல பிப்ரவரி 5 கடைசித் தேதி. அந்த முப்பது நாளில் பொங்கல் விடுமுறை மட்டும் ஆறு நாள், விடுதிகள் காலி. கையில் இருந்ததோ பக்கம் பக்கமாக ஆங்கிலம். பிறகு பிப்ரவரி 28 வரை நீட்டித்தார்கள். டெல்லிக்கு இது பழகிய வழி. 2018-ல் யுஜிசியையே கலைத்துவிட்டு உயர்கல்வி ஆணையம் அமைக்கும் மசோதாவின் வரைவை ஜூன் 27 அன்று வெளியிட்டு, ஜூலை 7-க்குள் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். பத்தே நாள்! எதிர்ப்பு வந்ததும் ஜூலை 20 ஆனது. இப்படிக் கடைசியில் கிடைக்கும் நாள்கள், ஏற்கெனவே விஷயம் தெரிந்த சங்கங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும்தான் உதவும். விஷயமே தெரியாதவருக்கு நீட்டிப்பும் தெரியாது.

சட்டம் இயற்றுமுன் மக்களிடம் கலந்து பேசுவதற்கு மத்திய அரசே 2014-ல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. முப்பது நாள் என்பது அதில் குறைந்தபட்சம். எளிய நடையில் விளக்கக் குறிப்பு தர வேண்டும், பாதிக்கப்படுவோரிடம் செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டும், வந்த கருத்துகளின் தொகுப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதிகாரிகளுக்கு முப்பது மட்டும்தான் நினைவில் நிற்கிறது போலும்.

கோட்டை மட்டும் யோக்கியமா? 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்த மசோதா தாக்கலான சில நாள்களிலேயே பேரவையில் நிறைவேறியது. உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாற இது கதவு திறக்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் எழுந்த பிறகே மறுபரிசீலனை என்றது அரசு. முதலிலேயே கேட்டிருந்தால் அந்தச் சங்கடம் எதற்கு?

தேதியை மாற்றவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பொங்கலன்று வைக்காதீர்கள் என்று தமிழகம் குரல் கொடுத்ததால், 2025 ஜனவரி 15-ம் தேதி நடக்கவிருந்த நெட் தேர்வு தள்ளிப்போனது. 16-ம் தேதித் தேர்வு மட்டும் அப்படியே நடந்தது. பாதி காது கேட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று ஜனவரி 26. யுஜிசியின் முப்பது நாளுக்கு நடுவிலேயே வந்த நாள் அது. இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றை உயர்கல்வித் துறை ஊராட்சிகளுக்கு அனுப்பியிருந்தால், மலைக்கிராமங்களிலும் அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். 2024-ல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற ஸ்ரீபதி ஜவ்வாது மலையின் புலியூர்க்காரர். படிப்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

இனி வரும் எந்த வரைவுக்கும் தொண்ணூறு நாள் வேண்டும். அந்த நாள்கள் செமஸ்டர் தேர்விலும் விடுமுறையிலும் கரையக் கூடாது. ஒரு கிராம சபையாவது இடையில் வர வேண்டும். தமிழ் வடிவம் வெளியான பிறகே நாளை எண்ணத் தொடங்க வேண்டும். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை கருத்து வந்தது, எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்ற பட்டியல், இறுதி நெறிமுறை அரசிதழில் ஏறுவதற்கு முன்பே வெளிவர வேண்டும். டெல்லிக்கும் கோட்டைக்கும் சேர்த்தே கேட்கிறோம்.