எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை?

பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் சாய்கிற சமயம் பார்த்து, ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் நமக்கு ஒரு கேள்வி வந்து சேருகிறது. அனுப்புகிறவர் திருவண்ணாமலையில் இருக்கும் நம் மைத்துனர். முன்பெல்லாம் தொலைபேசியில் கேட்பார். இப்போது கைப்பேசியில் எழுதியே அனுப்பிவிடுகிறார். "மாமா, குழந்தைகள் சமுத்திரம் பார்க்க வேண்டுமென்று பிராணனை வாங்குகிறார்கள். உங்கள் பக்கத்தில் எந்தக் கடற்கரை நன்றாயிருக்கும்?"

இவ்வாண்டு கேள்வியோடு படங்களும் வந்திருக்கின்றன. உலகத்தின் தலைசிறந்த பத்துக் கடற்கரைகளாம். பாதிக்கு மேல் மேற்கிந்தியத் தீவுகள். வெண்மணல், கண்ணாடி போன்ற நீர், தண்ணீருக்கு மேல் தலை சாய்த்து நிற்கும் தென்னை. "இந்த மாதிரி ஒன்று மரக்காணம் பக்கம் உண்டா?" என்பது மைத்துனரின் வினா.

இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் மூன்று குழந்தைகளும், முழங்கால் வலியுள்ள நம் மாமியாரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. மேலும், கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதில் நாமே ஒருமுறை பெரும் பிழை செய்தவர். ஆகையால் இந்த வாரப் பக்கத்தை மைத்துனருக்கே ஒதுக்கிவிடுகிறோம். இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் அன்பர்களும் உடன் படிக்கலாம்.

மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் என்று ஒன்று. அதற்கு இரண்டு முகங்கள். மேற்கு முகத்திலே கடல் சாதுவாயிருக்கும். கிழக்கு முகத்திலோ அட்லாண்டிக் மாசமுத்திரம் நேராக வந்து மோதும். பாத்ஷீபா என்னும் இடத்தின் அலைகளைப் பார்க்கவும், பலகை மீது நின்று அவற்றில் சவாரி செய்யவும் தூர தேசத்தவர் வருகிறார்கள். தீவின் குணம் அறிந்தவர் நீராட மேற்கே போவார். வேடிக்கை பார்க்கக் கிழக்கே போவார். படத்தில் இரண்டும் அழகாகத்தான் இருக்கும். எது எதற்கு என்று படம் சொல்லாது.

இத்தனை தூரம் போவானேன்? கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வாழ்கிற பெரியவர் ஒருவர் மாலை வேளையில் கடலோரம் வந்து உட்காருவார். பாசிக்குடாவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "எங்கட பாசிக்குடாவில இடுப்பளவுத் தண்ணியில கனதூரம் நடக்கலாம், சேர். சின்னப் பிள்ளைகளும் நடக்கும். இந்தக் கடல் அப்படியில்லை" என்பார். காரணம் இருக்கிறது. பாசிக்குடா ஒரு வளைந்த குடா. அலையின் வேகத்தைப் பவளப்பாறை தணித்துவிடுகிறது. இலங்கைக்கும் இரண்டு முகங்கள் உண்டு. சித்திரை முதல் ஆவணி வரை கிழக்குக் கரை அமைதியாயிருக்கும்; மார்கழி முதல் பங்குனி வரை காலிப் பக்கம் அமைதியாயிருக்கும். மாதத்துக்குத் தக்கபடி கரையை மாற்றிக்கொள்ளலாம்.

நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சென்னையிலிருந்து தெற்கே வரும் நம் கரைக்கு முகம் ஒன்றே, அது கிழக்கு. குடாவும் இல்லை, பாறையரணும் இல்லை. வங்காள விரிகுடாவில் எழுந்த அலை வழியில் யாரையும் விசாரிக்காமல் நேரே நம் காலடிக்கு வருகிறது.

ஆயினும் கரைக்குக் கரை வித்தியாசம் உண்டு. தெற்கிலிருந்து தொடங்குவோம். புதுச்சேரியின் கடற்கரைச் சாலை உலாவுவதற்கு அருமையான இடம். மாமியாரைக் காலாற நடக்கவைக்கலாம். உட்காரவும் வசதி உண்டு. ஆனால் அங்கே வெகுகாலம் மணலே இல்லாதிருந்தது. 1980-களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். நம் கரையோரமாக ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆறு என்றே அதைச் சொல்லலாம். சுவர் அந்த ஆற்றை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை தேய்ந்தது. தேயும் கரையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் அந்த இடத்தைக் காத்தது; அரிப்போ அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே வர வர, படகு ஏற்றி வைத்து வலை உலர்த்திய மணலைப் பறிகொடுத்த மீனவர் கதையே கதை. 2018-ஆம் ஆண்டை ஒட்டிக் கடலடியில் எஃகினால் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு புதுச்சேரி நகரத்தின் முன்னால் மணல் ஓரளவு திரும்பியிருக்கிறது.

சென்னை மெரீனாவைப் புகழாத தமிழர் இல்லை. அந்த அகன்ற மணலும் இப்படி வந்ததுதான். 1870-களில் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரீனா விரிந்தது. வடக்கே ராயபுரத்துக் கரை கரைந்தது. ஆகவே அகன்ற கடற்கரை எங்கேயாவது கண்டால், அதற்கு வடக்கே யார் கரை குறைந்தது என்று நாம் கேட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இது வாத்தியார் புத்தி, மன்னிக்க.

தந்திராயன்குப்பம் பக்கத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள். வாலிபர்கள் விரும்பிப் போகிற இடம். மைத்துனரின் மூத்த பையனுக்கு வயது பதினொன்று. இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

அதற்கும் வடக்கே நமது கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலைச் சுற்றி முன்னோர் வெட்டாமல் விட்ட காடு ஒன்று இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்திலும் இலை உதிராத காடு. அங்கிருந்து கடல் தூரமில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் நீண்டு கிடக்கும் மணல், கூட்டமில்லை, கடையில்லை. படத்துக்கு இதைவிட நல்ல இடம் அகப்படாது. அங்கேதான் நமக்கு அந்தச் சம்பவம் நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் புறப்பட்டோம். போன பின், "முழங்கால் மட்டும், ஐயா" என்று கெஞ்சினார்கள். நாமும் இளகிவிட்டோம். கரையை இருபுறமும் நன்றாய்ப் பார்த்தோம். எங்கும் அலை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும், பத்துப் பன்னிரண்டு கஜ அகலத்துக்கு நுரையில்லை, ஆரவாரமில்லை, நீர் சற்றுக் கறுத்துக் குளம்போல் கிடந்தது. பட்டதாரி அல்லவா? அந்த இடமே பத்திரம் என்று நம் அறிவு தீர்ப்பளித்தது. "இங்கே இறங்குங்கள்" என்றோம்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. முன்னால் நின்ற இரண்டு பையன்கள் நம்மை விட்டு விலகிப் போவதைக் கண்டோம். அவர்கள் நடக்கவில்லை, அவர்களைக் கடல் நடத்திக்கொண்டு போயிற்று. கரையை நோக்கிக் கைகளை அடித்தார்கள். தூரம் அதிகமாகிக்கொண்டே வந்தது. நாம் போட்ட கூச்சலைக் கேட்டு, மணல்மேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், கயிற்றையும் காலிப் பிளாஸ்டிக் கேன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் நேரே பாயவில்லை. பக்கவாட்டில் ஓடி, அலை உடைகிற இடத்தில் இறங்கி, சுற்றி வளைத்து அவர்களை அடைந்தார். கேனைப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் பக்கவாட்டிலேயே இழுத்து, அலையோடு அலையாய்க் கரையில் சேர்த்தார். இருவரும் பிழைத்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஒங்க கண்ணுக்குக் கொளம் மாதிரி தெரிஞ்சுதா வாத்தியாரே? அலை ஒடையாத எடத்துலயா புள்ளைங்கள எறக்குவாங்க?"

அந்தப் பையன்களின் தாய்மார் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்கு வெகுநாள் தைரியம் வரவில்லை.

பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தோம். கரையில் வந்து மோதிய நீரெல்லாம் திரும்பக் கடலுக்குப் போக வேண்டுமல்லவா? அடியிலுள்ள மணல்மேடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அது கூடிக்கொண்டு வாய்க்கால்போல் வெளியே ஓடுகிறது. வாய்க்காலில் ஆழம் அதிகம். ஆழத்தில் அலை உடையாது. உடையாத இடத்தில் நுரையிராது. ஆகவே, ஒன்றுமறியாதவன் கண்ணுக்கு அதுவே கரையில் மிகச் சாதுவான இடமாகத் தோன்றுகிறது. வேகம் மிகுந்தால் அந்நீர் வினாடிக்கு 2 மீட்டர் வரை ஓடுமாம்; ஒலிம்பிக் வீரனும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அகப்பட்டவன் கரையை நோக்கிப் போராடினால் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால், சில கஜ தூரத்தில் அந்த இழுப்பு விட்டுவிடும். நீந்தத் தெரியாதவன் மிதந்துகொண்டு கையை உயர்த்த வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது. அந்த மீனவரோ புத்தகமில்லாமலே செய்து காட்டினார்.

இன்னொன்று. இந்த வாய்க்கால் ஓரிடத்தில் நிலையாய் இருப்பதில்லை. ஒரு புயல் வந்தால் மணல்மேடு இடம் மாறும், புயலில்லாமலும் மாறும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய மறுவாரம், நாம் பதினைந்து ஆண்டுகளாய் அறிந்த கரையை நமக்கே அடையாளம் தெரியவில்லை. எனவே, போன வருஷம் நன்றாயிருந்த இடம் என்று யாராவது சொன்னால் அதை நம்புவதற்கில்லை. எந்தக் கடற்கரை என்பது பாதிக் கேள்விதான். எந்த நாள், எந்த வேளை என்பது மீதி. அதற்கு விடை சொல்லக்கூடியவர், அன்று விடியற்காலையில் அதே கடலில் படகு இறக்கி வந்தவர் ஒருவரே.

தமிழில் வழிகாட்டி நூல் எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. சிறுபாணாற்றுப்படை ஒரு பாணனுக்கு வழி சொல்லுகிறது. கடலோரமாய் எயிற்பட்டினம் போகச் சொல்லுகிறது. அந்த எயிற்பட்டினம் நமது மரக்காணமே என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு. அலையில் இறங்கி விளையாடு என்று புலவர் பாணனுக்குச் சொல்லவில்லை. பரதவர் வீட்டுக்குப் போ, அவர்கள் உபசரிப்பார்கள், சுட்ட மீன் கிடைக்கும் என்கிறார். கள்ளும் உண்டு, அந்தப் பகுதியைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரக்காணத்தில் குழந்தைகளுக்குக் காட்டவேண்டியது கடலைவிட உப்பளந்தான். சாலையோரத்தில் பாத்தி பாத்தியாய் வானத்தைப் பிடித்து வைத்தாற்போல் கிடக்கும். வெயில் ஏறுமுன்பே ஆண்களும் பெண்களும் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருப்பார்கள். அந்த வெள்ளையின் கூச்சத்தில் நமக்கு அரைமணிக்குள் கண் எரியும். அவர்களுக்கோ பருவம் முழுவதும் அதுதான் வேலை. 1930-ல் வேதாரணியத்தில் ராஜாஜி ஒரு பிடி உப்புக்காக ஏன் சிறை சென்றார் என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதைவிட, இந்த வரப்பில் பத்து நிமிஷம் நிறுத்திச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு வரப்பில் ஏறுவது மரியாதை. பாத்தியில் கால் படக்கூடாது.

உப்பளத்தைத் தாண்டி வடக்கே போனால் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. இடிந்த சுவர்களுக்கு முன்னால் கடலில்லை, கழிமுகத்து உப்பங்கழி. அதற்கப்பால் ஒரு மணல்திட்டு. அதற்கும் அப்பால்தான் சமுத்திரம். மேற்கிந்தியத் தீவின் சாதுவான முகத்துக்கு நம் பக்கத்தில் ஏதேனும் உறவுண்டு என்றால் இந்தக் கழிதான். காலையில் மீனவர் படகில் அமர்ந்து திட்டு வரை போய் வரலாம். ஆனால் கழி கடலோடு சேரும் வாயில் மட்டும் இறங்கக் கூடாது. நீர் வடிகிற வேளையில் அங்கேயும் இழுப்பு உண்டு.

இனி மைத்துனருக்கு. முதல் நாள் அதிகாலையில் ஆலம்பரை. திரும்பும் வழியில், வெயில் ஏறுமுன், உப்பளம். நடுப்பகலில் சித்திரை மணலில் யாரும் கால் வைக்க முடியாது. ஐயனார் கோயில் காட்டு நிழலில் கட்டுச்சாதத்தை அவிழ்க்கலாம். மாலையில் நம் கடற்கரை. அங்கே வலை பின்னும் அந்த மனிதர் இருப்பார். அவர் இன்று கால் நனைக்கலாம் என்றால் அவர் காட்டும் இடத்தில் கணுக்கால் வரை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். குழந்தைகள் அழுதாலும் வேண்டாம். மறுநாள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, மாமியாருக்காக.

கிழக்கு முகம் ஒன்றே உள்ள கரைக்கு ஒரு லாபம் உண்டு. பௌர்ணமி மாலையில் சந்திரன் கடலுக்குள்ளிருந்தே எழும்பும். அன்று வரச் சொல்லலாமென்றால், பௌர்ணமியில் திருவண்ணாமலையிலிருந்து வெளியே வருவதாவது, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைக் கண்ணால் காண முடியுமா என்று மைத்துனர் ஆட்சேபிப்பார். நியாயந்தான். அதற்கு மறுநாள் வரட்டும். சந்திரன் முந்தின நாளைவிட முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தாமதித்து, நன்றாய் இருட்டிய பின் எழுவான், இன்னும் விசேஷம். குழந்தைகளுக்குத் தொப்பி கொண்டு வரவும். மாமியாருக்கு மடக்கு நாற்காலியை நாமே எடுத்து வருகிறோம்.