பேசாத கணவனின் சந்தேகம்

கிரீஷ் கார்னாட் 1988இல், ஏ.கே. ராமானுஜன் வழியாகக் கேட்ட நாட்டார் கதைகளிலிருந்து கன்னடத்தில் உருவாக்கிய 'நாகமண்டல' நாடகத்தில், இளம் மனைவி ராணியை வீட்டில் பூட்டிவைத்து, மதிய போஜனத்துக்கு மட்டும் வந்து, அவள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடையளிக்காமல் பரஸ்திரீயிடம் திரும்பிச் செல்லும் அப்பண்ணா, இரவில் தன் உருவத்தில் வந்து அவளிடம் பரிவோடு பேசும் நாகத்தை அறியாமல், அவள் கர்ப்பமுற்றதும் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டுகிறான். புற்றில் கைவிட்டுப் பிரமாணம் செய்ய வேண்டியவள் அவளே. அவனுடைய ஒழுக்கத்தை வினவுவார் ஒருவருமில்லை! இந்த அநீதி என் நெஞ்சை இன்றும் சுடுகிறது.

அப்பண்ணாவின் சந்தேகம் நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த பெங்களூருவின் பொம்மனஹள்ளியில், பகல் ஷிப்டுக்கு மனைவியும் இரவு வேலைக்குக் கணவனும் செல்லும் வீடுகளில், சம்பாஷணைக்கே அவகாசமின்றிப் போக, மேற்பார்வையாளரோடு அவள் பேசிய இரண்டு வார்த்தைகூடச் சந்தேகத்துக்கு வித்தாகிவிடும். பிறன்மனை உறவைக் குற்றமாக்கி, மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. ஆயினும் அவளுடைய கைபேசியைச் சோதிப்பது தன் பாத்தியதை என்று எண்ணும் ஆண்கள் அநேகர். ஐயமுற்றவன் அண்டை வீட்டாரிடம் விசாரியாமல் அவளிடமே கேட்கட்டும். தொழிற்சாலைகளும் தம்பதியர் இருவருக்கும் ஒரே நாளில் வார விடுமுறை கிடைக்க வழிசெய்யட்டும்.